பால் கொடுக்கும்போது காம்பில் உயிர் போகிற வலி, என்ன செய்வது?

புது அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் குழந்தை. சுகப்பிரசவம். பாப்பா பிறந்து ஒரு வாரம் தாண்டிவிட்டது. தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும் என்று வயிற்றில் இருக்கும்போதே முடிவு செய்திருந்தேன். இப்போதும் அதே ஆசைதான். ஆனால் வலி தாங்க முடியவில்லை.

பாப்பா வாய் வைத்ததும் சுருக்கென்று ஒரு வலி. கால் விரல்கள் தானாக மடங்கிக்கொள்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் சில நொடிகள்தான் அப்படி இருக்கும், பால் இறங்கியதும் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அவள் குடித்து முடிக்கும்வரை வலி அப்படியே இருக்கிறது. இடது பக்கம் காம்பின் நுனியில் குறுக்காக ஒரு வெடிப்பு வந்துவிட்டது. உள்ளாடையில் ஒட்டிக்கொள்கிறது, எடுக்கும்போது மறுபடி ரத்தம் வருகிறது. வலது பக்கம் புண் இல்லை, ஆனால் தொட்டாலே வலி.

நேற்று பாப்பா கக்கிய பாலில் சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தது. பதறிப்போய் டாக்டருக்கு போன் செய்தோம். அது என் காம்பிலிருந்து போன ரத்தம்தான், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்றார். பாப்பாவைப் பொறுத்தவரை குறை ஒன்றும் இல்லை. சிறுநீர் நன்றாகப் போகிறாள், எடையும் ஏற ஆரம்பித்துவிட்டது. கஷ்டம் எனக்கு மட்டும்தான்.

இன்னொன்று, அவள் வாயை விட்டதும் பார்த்தால் காம்பு ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது, நுனி வெளுத்துப்போய் இருக்கிறது. கொஞ்ச நேரம் எரிகிறது. அது எதனால் என்று தெரியவில்லை.

வீட்டில் பெரியவர்கள், "எல்லோருக்கும் இப்படித்தான், போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவள் பசியில் முனகும் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. என் பிள்ளை பசிக்கு அழும்போது எனக்குப் பயம் வருகிறதே என்று நினைத்தால் அழுகை வருகிறது. இது தானாகச் சரியாகுமா? என்ன தடவலாம்? புண் இருக்கும் பக்கம் கொடுக்கலாமா, வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மல்லி:

தோழி, முதலில் ஒரு விஷயம். உங்கள் பயம் வலியைப் பார்த்துத்தான், பாப்பாவைப் பார்த்து இல்லை. அதற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

தடவுவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். குடித்து முடித்ததும் உங்கள் பாலையே இரண்டு மூன்று சொட்டு பிழிந்து காம்பில் தடவி, காற்றில் உலர விடுங்கள். சுத்திகரித்த லானோலின் க்ரீம் போட்டாலும் சரி, அதை மெல்லியதாகப் பூசினால் போதும். அடுத்த முறை கொடுப்பதற்கு முன் துடைத்து எடுக்கத் தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று, எதுவும் தடவாமல் விடுவதோ தாய்ப்பாலை மட்டும் தடவுவதோ லானோலினுக்கு ஈடாகவே, சில சமயம் அதைவிட நன்றாகவே இருக்கலாம் என்றுதான் சொல்கிறது. பெரும்பாலோருக்குப் பிரசவமாகி 7 முதல் 10 நாளில் வலி லேசாகிவிடுகிறது என்றும் அதில் இருக்கிறது. அதனால் விலை உயர்ந்த க்ரீமைத் தேடி அலைய வேண்டாம்.

சோப்பு போடாதீர்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் இருக்கும் சிறு புள்ளிகள் தாமாகவே எண்ணெய் சுரந்து தோலைக் காப்பவை, சோப்பு அதைக் கழுவிவிடும். மரத்துப்போகச் செய்யும் மருந்து வேண்டாம், குழந்தையின் வாயும் மரத்துவிடும். யாராவது தேன் தடவச் சொன்னால் கண்டிப்பாகக் கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் உள்ளே போனால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். துணி புண்ணில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஊறியபின் எடுங்கள். பால் உறிஞ்சும் பேட் வைத்தால் ஈரமானதும் மாற்றிவிடுங்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா:

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி விஷயம்தான். காம்பு சப்பையாகி நுனி வெளுத்து வெளியே வருகிறது என்றீர்களே, அதில்தான் பதில் இருக்கிறது. என் மூத்தவனுக்குக் கொடுத்தபோது எனக்கும் இதேதான். புது லிப்ஸ்டிக்கின் முனை போல ஒரு பக்கம் சரிவாக வெளியே வரும். வீட்டுக்கு வந்து பார்த்த ஒரு நர்ஸ் புண்ணைக்கூட அவ்வளவாகக் கவனிக்கவில்லை. "அவன் வாயை விடும்போது காம்பு என்ன வடிவத்தில் இருக்கிறது, அதைக் காட்டும்மா" என்றார். பார்த்ததும், "அவன் மார்பைப் பிடிக்கவில்லை, காம்பை மட்டும் பிடிக்கிறான்" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. உங்கள் நாக்கை மேலண்ணத்தில் வைத்து முன்னிருந்து பின்னால் நகர்த்திப் பாருங்கள். முன்னால் கெட்டியாக இருக்கும், பின்னால் போகப் போக மெத்தென்று ஆகும். குழந்தை நன்றாகப் பிடித்தால் காம்பு அந்த மெத்தென்ற இடத்தின் பக்கம் போய் நிற்கும். அங்கே அதை நசுக்க எதுவும் இல்லை. நுனியை மட்டும் பிடித்தால், ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் நாக்குக்கும் கெட்டியான அண்ணத்துக்கும் நடுவில் காம்பு நசுங்கும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுக்கிறோம், வெடிக்காமல் என்ன செய்யும்? பிடிப்பு மாறாமல் மேலே எதைத் தடவினாலும் அடுத்த முறை அதே இடத்தில்தான் அடிபடும். பெரியவர்கள் பழகிவிடும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முதல் நாட்களில் வாய் வைத்த உடனே கொஞ்ச நேரம் சுருக்கென்று இருப்பது சகஜம், அது குறைந்துவிடும். குடித்து முடிக்கும்வரை வலிப்பது, புண்ணாவது, இதெல்லாம் சகித்துக்கொள்ள வேண்டியவை இல்லை. சரிசெய்ய வேண்டியவை.

சரி, எப்படிப் பிடிக்க வைப்பது? பாப்பாவை உங்கள் பக்கம் முழுசாகத் திருப்புங்கள், அவள் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டட்டும். காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு யாராலும் நிம்மதியாக விழுங்க முடியாது. காம்புக்கு நேராக அவள் மூக்கு வரட்டும், வாய் இல்லை. நிறையப் பேர் வாய்க்கு நேராக வைக்கிறார்கள், அங்கேதான் சிக்கல். மூக்குக்கு நேராக இருந்தால் அவள் தலையைச் சற்று அண்ணாந்து வாயை ஆவென்று திறப்பாள். காம்பால் மேல் உதட்டை மெதுவாகத் தடவிவிட்டுக் காத்திருங்கள். பாதி திறந்த வாயில் அவசரப்பட்டுத் திணிக்காதீர்கள். நன்றாகத் திறந்த அந்த நொடியில் அவள் முதுகில் இருக்கும் உங்கள் கையால் அவளைச் சட்டென்று மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் தாடை வந்து பதிய வேண்டும். நீங்கள் குனிந்து மார்பை அவளிடம் கொண்டுபோகக் கூடாது, முதுகும் போய்விடும், பிடிப்பும் நழுவும். பின்னந்தலையைப் பிடித்து அழுத்தவும் கூடாது. அழுத்தினால் அவள் எதிர்த்துப் பின்னால் தள்ளுவாள், கழுத்தும் தோளும் தாங்கினால் போதும்.

சரியாகப் பிடித்திருக்கிறாளா என்று பார்க்க: தாடை மார்பில் அழுந்தியிருக்கும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும், கன்னம் குழி விழாமல் உப்பியிருக்கும். கருவட்டம் கீழ் உதட்டுப் பக்கம் மறைந்து, மேல் உதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியும். வேகமாக உறிஞ்சி, பால் இறங்கியதும் நிதானமாகி, விழுங்கும் சத்தம் மெல்லக் கேட்கும். டிக் டிக் என்று நாக்குச் சத்தம் வந்தால் பிடிப்பு விட்டு விட்டு வருகிறது என்று அர்த்தம்.

வலி குறையவில்லை என்றால் அப்படியே இழுத்து எடுக்காதீர்கள், அந்த இழுப்பில்தான் வெடிப்பு பெரிதாகிறது. சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் ஈறுகளுக்கு நடுவில் நுழைத்தால் காற்றுப் போய் உறிஞ்சல் விட்டுவிடும். எடுத்து மறுபடி வையுங்கள். ஒரே வேளையில் பல தடவை எடுத்து வைக்க வேண்டி வரலாம், அவள் கோபப்பட்டு அழுவாள், பரவாயில்லை. அழும்போது தோளில் போட்டுச் சமாதானப்படுத்திவிட்டு வையுங்கள். உச்சகட்டப் பசியில் இருக்கும் குழந்தைக்கு வாயைத் திறந்து காத்திருக்கப் பொறுமை இருக்காது. அதனால்தான் கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது என்று ஆரம்பிக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது.

எனக்குக் கைகொடுத்தது சாய்ந்து கொடுப்பதுதான். கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்துப் பாதி சாய்ந்து, பிள்ளையை என் மேல் குப்புறப் போட்டுக்கொண்டேன். அவன் எடை என் மேல் இருந்ததால் கை வலிக்கவில்லை, அவனே தாடையை ஊன்றித் தேடி வாயை அகலமாகத் திறந்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோளை இறுக்காமல் மூச்சு விட்டேன். சின்னவளுக்கு அது பிடிக்கவில்லை, அவளைக் கை இடுக்கில், கால்கள் என் முதுகுப் பக்கம் போகிற மாதிரி பிடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாதிரி.

இன்னொன்று கவனியுங்கள். பால் நன்றாக ஊறி வரும் நாட்களில் மார்பு கல்லாகிக் கருவட்டமும் விறைத்துவிடும். அப்போது குழந்தையால் வாய் கொள்ளப் பிடிக்க முடியாது, வழுக்கி நுனிக்கே வந்துவிடும். கொடுப்பதற்கு முன் விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் போல அழுத்திப் பிடியுங்கள். வீக்கம் பின்னால் ஒதுங்கி அந்த இடம் இளகும். கொஞ்சம் பாலைக் கையால் பிழிந்துவிட்டாலும் சரி. எனக்கு இது தெரிந்த பிறகுதான் காலை வேளை சமாளிக்க முடிந்தது, இரவு நீண்ட நேரம் தூங்கிவிட்டால் காலையில்தான் அப்படி இறுகியிருக்கும்.

முடிந்தால் பாலூட்டல் ஆலோசகரையோ அனுபவமுள்ள நர்ஸையோ நேரில் கூப்பிட்டு, நீங்கள் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பாப்பாவின் நாக்குக்குக் கீழே இருக்கும் சவ்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குட்டையாக இருந்து நாக்கு ஈறைத் தாண்டி வராவிட்டால் எப்படிப் பிடித்தாலும் வலிக்கலாம். அப்படி இருந்தால்கூட எல்லோருக்கும் வெட்ட வேண்டியதில்லை, பார்த்துத்தான் சொல்வார்கள்.

கார்த்திகை:

மேலே அக்கா சொன்னதுதான் முதல் வேலை. நுனி வெளுப்பதைப் பற்றி மட்டும் ஒரு சேர்க்கை, ஏனென்றால் எனக்குப் பிடிப்பு சரியான பிறகும் வெளுப்பு நிற்கவில்லை.

நசுங்கி வெளுத்தால் சப்பையாக இருக்கும், சீக்கிரம் நிறம் திரும்பிவிடும். எனக்கு வடிவம் நன்றாகவே இருந்தது. ஆனால் பிள்ளை வாயை எடுத்துச் சில நிமிடங்கள் கழித்து நுனி வெள்ளையாகி, அப்புறம் நீலம் பாய்ந்து, சிவந்து, மார்புக்குள் வரை எரியும். குளித்துவிட்டு வரும்போது, குளிர்ச்சியான அறைக்குள் போகும்போது பால் கொடுக்காமலேயே வரும். காம்பின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் வருவது இது. குளிரில் கைவிரல் வெளுக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். எனக்கு அந்த வழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு.

இதற்கு வெதுவெதுப்புதான் மருந்து. பிள்ளை வாயை எடுத்த கணமே காற்றுப் படாமல் உள்ளங்கையால் மூடிக்கொள்வேன், உலர்ந்த சூடான துணியை உள்ளே வைத்துக்கொள்வேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. குறையாதவர்களுக்கு டாக்டர் ரத்தக் குழாயைத் தளர்த்தும் மாத்திரை தருவதுண்டு. இந்த விஷயத்தில் மட்டும், மல்லி சொன்ன மாதிரி திறந்து காற்றில் உலர விடுவது எனக்கு வலியைக் கூட்டியது. அதனால் எது உங்களுடையது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பூஞ்சைத் தொற்று என்று பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது என்றால் காம்பு பளபளவென்று சிவந்து, அரிப்போ தோல் உரிவதோ இருக்கும். பிள்ளையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு இருக்கலாம். அப்படித் தெரிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே மருந்து எடுக்க வேண்டும்.

புது அம்மா:

எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இங்கே எழுதிய பிறகு சாய்ந்து கொடுத்துப் பார்த்தேன். வலது பக்கம் நல்ல மாற்றம் தெரிகிறது. வாய் வைத்ததும் சுருக்கென்கிறது, அப்புறம் வலி இறங்கிவிடுகிறது. காம்பும் உருண்டையாகவே வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம்.

கார்த்திகை, எனக்குக் குளிரில் அப்படி எதுவும் ஆவதில்லை. நசுங்குவதால்தான் என்று நினைக்கிறேன்.

இடது பக்கம்தான் இன்னும் பயமாக இருக்கிறது. வெடிப்பின் மேல் அவள் வாய் படும்போது பிடிப்பு சரியாக இருந்தாலும் துடிக்கிறது. அந்தப் பக்கம் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் பால் வற்றிவிடுமா? பம்ப் பண்ணிக் கொடுக்கலாமா? வலிக்கு மாத்திரை சாப்பிடலாமா?

ரெண்டு பிள்ளை அம்மா:

காம்பு உருண்டையாக வந்தது என்று படித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது தங்கச்சி. சரியான வழியில்தான் போகிறீர்கள்.

இடது பக்கம் ஓய்வு கொடுக்கலாம், அதனால் பால் வற்றாது. ஆனால் பாலை அப்படியே விடக் கூடாது. அவள் குடிக்கும் நேரத்துக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் கையாலோ பம்பாலோ எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால்தான் சுரப்பு குறையும், பால் கட்டிக்கொள்ளும். எடுத்த பாலைக் கரண்டியிலோ சின்னக் கிண்ணத்திலோ கொடுக்கலாம். அவளை நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடித்து, உதட்டில் கிண்ணத்தை ஒட்டி வைத்தால் அவளே நக்கி எடுப்பாள், ஊற்ற வேண்டாம். புண் ஆற ஆரம்பித்ததும் மறுபடி வாய் வைக்கலாம்.

பம்ப் என்றால் வேகத்தையும் இழுவையையும் குறைத்தே வையுங்கள், கூட்டினால் பால் அதிகம் வரும் என்பதில்லை. புனலின் துளையில் காம்பு தடையில்லாமல் போய் வர வேண்டும். பக்கத்தில் உரசினால் துளை சின்னது, கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் துளை பெரியது. தப்பான அளவில் பம்ப் பண்ணினால் புண் ஆறாது. எனக்குக் கையால் எடுப்பதே சுகமாக இருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்கி விடவேண்டும். தோலின் மேல் விரலைத் தேய்க்காமல் செய்ய வேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டுமே பால் கொடுக்கும் அம்மாக்களுக்குச் சாதாரணமாகக் கொடுப்பவைதான். உங்கள் உடம்புக்கு எது, எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பதற்குச் சற்று முன்னால் போட்டுக்கொண்டால் தோள் இறுக்கம் குறைந்து பால் எளிதாக இறங்கும்.

ஒன்றை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகலாம். மார்பில் ஒரு பகுதி சிவந்து சூடாகி, தொட்டால் வலித்து, காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். புண்ணில் சீழ் தெரிந்தாலும் அதேதான். அப்போதும் பால் கொடுக்கலாம், நிறுத்தத் தேவையில்லை. பழைய வழக்கப்படி சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தி நீவுவார்கள், யாரையும் அப்படிச் செய்யவிடாதீர்கள். தாய்ப்பால் மருத்துவத்துக்கான அகாடமி 2022-இல் தந்த வழிகாட்டலில் அழுத்தி நீவ வேண்டாம், குழந்தைக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பாலை எடுத்துக் காலி செய்ய வேண்டாம், குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள் என்றுதான் இருக்கிறது. உள்ளே ஏற்கெனவே வீங்கியிருக்கும் இடத்தை நீவினால் வீக்கம் கூடத்தான் செய்யும்.

இடது பக்கம் மறுபடி ஆரம்பிக்கும்போது முதலில் வலது பக்கம் கொடுங்கள். அங்கே குடிக்கும்போதே இடது பக்கமும் பால் இறங்கிவிடும், அவள் பசியும் கொஞ்சம் அடங்கியிருக்கும். அதன் பிறகு மாற்றினால் அவ்வளவு வேகமாக உறிஞ்சமாட்டாள். எப்போதும் பிடிக்கும் மாதிரி இல்லாமல் கை இடுக்கில் பிடித்துப் பாருங்கள், வெடிப்பின் மேல் படும் இடம் மாறும். எப்படி இருக்கிறது என்று வந்து எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.